நாலாவது நழுவ வேண்டும்

அன்பும் மதிப்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்குத் தங்கள் அக்காளின் கணவன் எழுதிக்கொள்வது.

தாங்கள் அனுப்பிவைத்த கியர்பாக்ஸ் இவ்விடம் நலம். ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. இந்த வீட்டில் நலம் என்று எழுதத் தக்கது அது ஒன்றுதான் என்பதால் அதை முதலில் எழுதிவிட்டேன். தாங்களும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். விரும்புவதோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்போதெல்லாம் அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைத்தால் எதையாவது இடித்துவிடுகிறேன்.

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். கடைசியில் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது.

தங்களுக்குத் தெரிந்ததையும் சேர்த்துத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளவும். ஆரம்பத்திலிருந்து எழுதினால்தான் எந்த இடத்தில் தவறியது என்று எனக்கே தெரிகிறது. எடை அளவு சோதிக்கும் ஆய்வாளனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடை கடையாக ஏறி அடுத்தவர் தராசில் தப்புக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கினேன். அந்தத் திறமை வீட்டுக்குள் வந்ததில்லை.

அந்தக் கார். சிவப்பு. இப்போது அதைச் சிவப்பு என்று சொல்ல நல்ல மனசு வேண்டும். இரண்டே இருக்கை. அதை வாங்கிய மறு வருடம் மகள் பிறந்தாள். “ரெண்டு பேர் உக்கார்ற காரை வச்சுக்கிட்டு மூணாவது ஆளப் பெத்துக்கிட்ட ஒரே மனுஷன் எங்க அத்தான்தான்” என்று தாங்கள் எல்லோர் முன்னாலும் சொன்னீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். தங்கள் அக்காதான் அதிகம் சிரித்தாள்.

அந்தக் காரில் நாலாவது கியர் நிற்காது. உள்ளே பல் தேய்ந்துவிட்டது. நாலாவதில் போட்டுக் கையை எடுத்தால் கியர் குச்சி மெல்ல நடுங்கும், பிறகு தானாக நழுவி நடுவில் வந்து நின்றுகொள்ளும். என்ஜின் கத்தும், கார் சும்மா உருளும். கையாலேயே பிடித்துக்கொண்டு ஓட்டலாம்தான், ஆனால் அந்த ஸ்டியரிங்குக்கு இரண்டு கையும் வேண்டும், அது கார் ஸ்டியரிங் இல்லை, கிணற்று மூடி. ஆகவே நாலாவதில் போட்டதும் நான் “பிடி” என்பேன், பக்கத்து இருக்கையிலிருந்து தங்கள் அக்கா வலது கையை நீட்டிக் குச்சியின் தலையைப் பிடித்துக்கொள்வாள், நான் ஓட்டுவேன், அவள் பிடித்துக்கொண்டே திட்டுவாள். “நான் உங்களுக்குப் பொண்டாட்டியா, இல்ல ஸ்பேர் பார்ட்டா?” என்பாள். மகளின் கல்யாணத்துக்கு அந்தக் காரில்தான் போனோம், அத்தனை தூரமும் பிடித்துக்கொண்டு வந்தாள், பட்டுப்புடவையோடு, மண்டபத்தில் இறங்கியபோது உள்ளங்கையில் வட்டமாகத் தடம் இருந்தது. பழுது பார்த்துவிடலாமா என்று நான் கேட்காமல் இல்லை. கேட்டபோதெல்லாம் ஒரே பதில். “அப்புறம் பக்கத்து சீட்ல நான் எதுக்கு? சும்மா வேடிக்கை பாக்கவா?”

பழுது பார்க்கவில்லை.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது பக்கம். வலது கை மடியில் வைத்தால் வைத்த இடத்தில் இருக்கிறது, யாரோ மறந்து விட்டுப்போன பொருள் மாதிரி. பேச்சும் போயிற்று. ஒரே ஒரு வார்த்தை மிச்சம். ‘சரி.’

கல்யாணம் ஆன நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் சரி என்று சொல்லாதவள், மாப்பிள்ளை. பெரிய டாக்டர் வந்து “உங்க பேர் என்னம்மா?” என்றார். “சரி.” “வலிக்குதா?” “சரி.” “இவர் யாரு தெரியுதா?” “சரி.” டாக்டர் என் பக்கம் திரும்பி, “நல்லா ஒத்துழைக்கிறாங்க” என்றார். “அப்படின்னா இவங்க என் மனைவி இல்ல டாக்டர்” என்றேன். அவர் அதையும் சீட்டில் குறித்துக்கொண்டார், என் பெயருக்குக் கீழே என்று நினைக்கிறேன்.

கைக்குப் பயிற்சி கொடுப்பவர் வேறு ஒருவர். இளைஞர். நான் அவரைப் பந்து டாக்டர் என்பேன். மஞ்சள் நிறத்தில் ஒரு பஞ்சுப் பந்தை உள்ளங்கையில் வைத்து, “பிடிங்கம்மா” என்கிறார். “சரி” என்கிறாள். பிடிப்பதில்லை. பந்து உருண்டு கட்டிலுக்கு அடியில் போகிறது, நான் குனிந்து எடுக்கிறேன். உண்மையில் அந்த அறையில் பயிற்சி கிடைத்தது எனக்குத்தான்.

அங்கிருந்து திரும்பும் வழியில்தான் அந்தச் சுவர். சேமிப்புக் கிடங்குகளுக்குப் பக்கத்தில் நீளமான சரிவு இருக்கிறதே, அதில் நாலாவது நழுவியது, நான் வாய் தவறி “பிடி” என்றேன், சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது, கையை நீட்டினேன், ஸ்டியரிங் போய்விட்டது, அவள் பக்கத்துக் கண்ணாடியைச் சுவர் வாங்கிக்கொண்டது. கார் நின்றதும் பார்த்தேன். அவள் வலது கை மடியில் இல்லை. குச்சியின் மேல் கிடந்தது. குலுங்கியதில் விழுந்திருக்கிறது என்று நினைத்தேன். எடுத்து மடியில் வைத்தேன். “அடிபட்டுச்சா?” என்றேன். “சரி” என்றாள்.

இதை நினைவில் வைத்துக்கொள், மாப்பிள்ளை. நான் வைத்துக்கொள்ளவில்லை.

அன்று, அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருக்கும் உன் மருமகள் போட்ட சத்தம் உனக்கே தொலைபேசியில் கேட்டிருக்கும். “அம்மாவ கொன்னுடுவீங்கப்பா. டாக்ஸி வச்சுக்குங்க.” நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அப்போதுதான் நீ கூப்பிட்டாய். “அத்தான், எங்கிட்ட ஒரு அஞ்சு கியர் பெட்டி இருக்கு. அதே கம்பெனி, பின்னால வந்த வண்டியோடது. புதுசு மாதிரி. மாட்டினா பாறை மாதிரி நிக்கும். அக்காவ நிம்மதியா உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போங்க.” நல்ல மனசோடு சொன்னாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நிம்மதியாக உட்கார வைப்பது. எல்லோருக்கும் அது பிடித்திருந்தது.

பெட்டி வந்த அன்று கொண்டுவந்த ஆட்கள் அதை ஷெட் வரை தூக்க முடியாது என்று முன்னறையிலேயே இறக்கிவிட்டுப் போனார்கள், பலகையை உடைத்துப் பார்த்தால் உன் அக்காவின் சக்கர நாற்காலி போகும் வழியில் சரியாக உட்கார்ந்திருக்கிறது, ஒரு ஆளால் நகர்த்த முடியாது, மகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தள்ளியதில் என் இடுப்பு நகர்ந்தது, அது நகரவில்லை. மகள் அதன் மேல் ஒரு துணியை விரித்துவிட்டாள். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்த மாடி வீட்டம்மா முதலில் அதைப் பார்த்துவிட்டு, துணியை விலக்கி, குரலைத் தாழ்த்தி, “இவ்வளவு பெருசாவா வெளிய எடுத்தாங்க?” என்று கேட்டார். மகள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்த முடியாமல் சமையலறைக்குப் போய் அழுதாள். உன் அக்கா அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரம். எண்ணெய் வாசனை பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

நான் நிறைய நினைக்கிறேன்.

மெக்கானிக்கின் பெயர் எனக்குத் தெரியாது. எதைக் கேட்டாலும் “ஆயிடும் சார்” என்பதால் அவருக்கு ஊரெல்லாம் ஆயிடும் என்றே பெயர். மூடிக் கிடக்கும் ஒரு அச்சகத்துக்குப் பின்னால் பட்டறை. தரை முழுக்கக் கறுப்பு, சுவரில் ஒரே ஒரு கடிகாரம், அதுவும் ஓடவில்லை, அதையும் சரி செய்வதாகத்தான் யாரிடமோ வாங்கி வைத்திருக்கிறார். “இது அதுல உக்காருமா?” என்றேன். “ஆயிடும் சார்.” உட்காரவில்லை. புதியது பழையதைவிட ஒரு சாண் நீளம். இரண்டு இருக்கைக்கும் நடுவே தரை மேடாக வருமே, அதைச் சம்மட்டியால் அடித்து அகலமாக்கினார், பின் சக்கரத்துக்குப் போகும் தண்டை அறுத்துக் குட்டையாக்கி ஒட்டினார், இடையில் என் இருக்கை கழற்றப்பட்டது, திரும்ப மாட்டியபோது அது சற்று இடது பக்கம் பார்த்தது, இப்போது காரில் உட்கார்ந்தால் நான் எப்போதும் உன் அக்காவிடம் ஏதோ கேட்க வருகிறவன் போல இருக்கிறேன். பெட்டி நீளமானதால் கியர் குச்சியும் ஒரு சாண் பின்னால் போய் முளைத்தது. முன்பு குச்சி இருந்த இடம் வெறும் ஓட்டை. குனிந்தால் சாலை தெரிந்தது.

“காத்து வருமேப்பா.”

“ஆயிடும் சார்.”

தகடு வைத்து மூடி, அதன் மேல் ஒரு வளையம் பொருத்தினார். டம்ளர் வைக்க.

“இது எதுக்கு?”

“சும்மா இருக்கட்டும் சார். நாலாவது பாட்டுக்கு நிக்குது, மேடம் கை சும்மாதான இருக்கும். டீ வச்சுக்கலாம்.”

ஓட்டிப் பார்த்தேன், மாப்பிள்ளை. வெண்ணெய். நாலாவது அசையவில்லை. கையை எடுத்தேன், நின்றது, பாட்டுப் பாடினேன், நின்றது. வேகம் காட்டும் முள் மட்டும் நாற்பதில் போனால் எழுபது காட்டியது. வாழ்நாள் முழுக்கப் பொய் முள்ளுக்கு அபராதம் போட்டவன் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். அந்தக் காரில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்ல மிச்சம் இருந்தது அந்தப் பொய் மட்டும்தான்.

பட்டறையிலிருந்து நேராகப் பந்து டாக்டரின் வாசலுக்குப் போனேன், மகளும் உன் அக்காவும் டாக்ஸியில் வந்து உள்ளே இருந்தார்கள், அழைத்துப்போக வந்துவிட்டேன் என்று காட்ட ஒரு ஹாரன் அடித்தேன், காரைப் பின்னால் எடுத்து அழகாக ஓரம் கட்டலாம் என்று ரிவர்ஸ் போட்டேன். பழைய பெட்டியில் ரிவர்ஸ் இருந்த இடத்தில் புதியதில் ஒன்றாவது இருக்கிறது. வரும் வழியெல்லாம் அந்த ஒன்றாவதைப் போட்டுத்தான் வந்தேன், ஆனாலும் ரிவர்ஸ் என்றதும் கை பழைய இடத்துக்கே போயிற்று. கார் முன்னால் பாய்ந்து பந்து டாக்டரின் பூந்தொட்டி வரிசையில் ஏறியது, பதறிப்போய் மறுபடி ரிவர்ஸ் போட்டேன், அதாவது மறுபடி ஒன்றாவது, மிச்சம் இருந்த தொட்டிகளும் போயின. பந்து டாக்டர் வெளியே வந்து பார்த்தார். கையில் மஞ்சள் பந்து. அதை அவர் பிசைந்த விதத்தில் அவருக்குக் கை நல்ல நிலையில் இருப்பது தெரிந்தது.

“சார், நீங்க எப்ப டெஸ்ட் எடுத்துக்கிட்டீங்க?”

“ரத்த டெஸ்டா?”

“எல்லாம்தான்.”

மகள் அம்மாவைக் கைத்தாங்கலாக உட்கார வைத்தாள், பெல்ட் போட்டாள், அவள் காதில் “இனிமே ஜாலியா போகலாம்மா” என்றாள், டாக்ஸியில் பின்னால் வருகிறேன் என்று போனாள். கிளம்பினோம். ஒன்று, இரண்டு, மூன்று. கிடங்குகளுக்கு முன்னால் சமதளமாக ஒரு நேர்ச்சாலை வரும் இல்லையா. அங்கே நாலாவது போட்டேன். என்னையறியாமல் சொன்னேன்.

“பிடி.”

கை எழுந்தது, மாப்பிள்ளை.

பந்துக்கு எழாத கை. கரண்டிக்கு எழாத கை. மகள் அழுதுகொண்டு அவள் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அவள் கன்னத்தைத் தொட எழாத கை. மடியிலிருந்து எழுந்து, ஆடி ஆடிப் போய், எத்தனையோ வருஷமா குச்சி இருந்த இடத்துல இறங்குச்சு. அங்க குச்சி இல்ல. வளையம் இருந்துச்சு. விரல் அந்த வளையத்துக்குள்ள போயி, சுத்திச் சுத்தித் தேடுச்சு. அவ குனிஞ்சு பாத்தா. அப்புறம் பின்னால தள்ளி முளைச்சிருந்த புதுக் குச்சியப் பாத்தா. யாரும் பிடிக்காம, அசையாம, பாறை மாதிரி நின்னுச்சு அது.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. அப்போது சொன்னது இதுதான்.

“வேணாம்மா. இனிமே நீ பிடிக்க வேணாம். அது தானா நிக்கும்.”

“சரி” என்றாள்.

கையை மடியில் வைத்துக்கொண்டாள். தானே வைத்துக்கொண்டாள். நான் வைக்கவில்லை.

அதோடு சரி. மறுநாள் அதே சாலை, நாலாவது போட்டேன், பிடி என்றேன். சரி என்றாள். எழவில்லை. அதற்கு மறுநாளும். காரை நிறுத்தி, அவள் கையை எடுத்துப் புதுக் குச்சியின் மேல் வைத்தேன். வைத்த இடத்தில் இருந்தது. நான் கையை எடுத்ததும் விழுந்தது. பந்து டாக்டரிடம் சொன்னேன். “பழக்கத்துல ஒரு தடவ வந்திருக்கும் சார். அத முன்னேற்றம்னு எடுத்துக்க முடியாது” என்றார். தொட்டி விவகாரத்துக்குப் பிறகு அவர் நான் சொல்லும் எதையும் எடுத்துக்கொள்வதில்லை. மகள், “உங்களுக்குத் தோணுதுப்பா” என்றாள். அன்பாகத்தான் சொன்னாள்.

அந்தச் சுவர் நாள். குலுங்கி விழவில்லை அந்தக் கை. பிடிக்கப் போயிருக்கிறது. நான் அதை எடுத்து மடியில் வைத்துவிட்டு, கார் ரிப்பேருக்கு ஏற்பாடு செய்தேன்.

உன் மேல் ஒரு தப்பும் இல்லை. நீ நல்ல பெட்டியாகத்தான் அனுப்பினாய். அதுதான் பிரச்சினை.

விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு இனி அந்தக் கார் வேண்டாம். சின்ன வயதிலிருந்து உனக்கு அதன் மேல் கண். ‘விக்கறதா இருந்தா எங்கிட்ட சொல்லுங்க அத்தான்’ என்று ஒவ்வொரு முறையும் சொல்வாய். விற்கவில்லை, தருகிறேன். வந்து எடுத்துப்போ. ரிவர்ஸ் எங்கே என்று மகளிடம் கேட்டுக்கொள். அவள் ஒரு காகிதத்தில் எழுதி முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கிறாள். நாங்கள் டாக்ஸியில் போகிறோம். டாக்ஸியில் உன் அக்கா பின் இருக்கையில் நிம்மதியாக உட்கார்ந்து வருகிறாள். ஜன்னலுக்கு வெளியே பார்க்கிறாள். சும்மா வேடிக்கை.

கியர்பாக்ஸுக்கு நன்றி. கடைசியில் சொல்கிறேன் என்றேன், சொல்லிவிட்டேன்.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. பிள்ளைகளுக்கு உன் அக்காவின் ஆசீர்வாதம். அதாவது, எழுதட்டுமா என்று கேட்டேன். சரி என்றாள்.

இப்படிக்கு,
உன் அத்தான்.

பி.கு.: வர வேண்டாம். கார் தருவதற்கில்லை.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடச் சொல்லி மகளிடம் கொடுத்திருந்தேன். அவள் கைப்பையிலேயே இத்தனை நாள் கிடந்திருக்கிறது. இன்று கிடைத்தது. கிழித்துவிட்டுப் புதிதாக எழுதலாம். மேலே உள்ளதை மறுபடி எழுதும் தெம்பு இல்லை. அதனால் இதையும் சேர்த்துப் படித்துக்கொள்.

ஆயிடும் பட்டறைக்குப் போனேன். பழைய கியர்பாக்ஸ் கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க முட்டுக்கொடுத்து வைக்கப்பட்டிருந்தது.

“அதத் திருப்பி மாட்டணும்ப்பா.”

“பல்லு மாத்தி, ஸ்பிரிங் மாத்தி...”

“ஒண்ணும் மாத்தாதே. நாலாவது நழுவணும்.”

“நழுவக் கூடாதுன்றீங்க.”

“நழுவணும். முன்ன மாதிரியே நழுவணும்.”

அவர் என்னைப் பார்த்தார், கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தார், மெதுவாகக் கீழே வைத்தார். “ஆகாது சார்.”

அந்த வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். “கெட்டதக் கழட்டிட்டு நல்லது மாட்டறதுதான் சார் தொழிலு. நாளைக்கு ஒருத்தன் தொறந்து பாத்து, எவன்டா இத மாட்டினவன்னு கேட்டா, மூஞ்சிய எங்க கொண்டு வச்சுக்கறது?”

நடந்ததைச் சொன்னேன். வளையத்துக்குள் விரல் தேடியது வரை. ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துணி கையைவிட அழுக்கு.

“அந்த டம்ளர் வளையத்த எடுத்துடவா சார்?”

“எடுத்துடு.”

அறுத்த தண்டோடு ஒரு துண்டு சேர்த்து ஒட்டியிருக்கிறார், அதனால் கார் இப்போது மூன்றாவதிலேயே குளிர் ஜுரம் வந்தது போல நடுங்குகிறது. உன் அஞ்சு கியர் பெட்டி மறுபடி முன்னறையில், துணி போர்த்திக்கொண்டு. எடுத்துப்போக வருவதானால் வா. சாப்பிட்டுவிட்டுப் போ. காரைக் கேட்காதே.

நேற்று போனோம். மகளிடம் சொல்லவில்லை. சரிவுப் பக்கமே போகவில்லை. கிடங்குகளுக்கு முன்னால் அந்த நேர்ச்சாலை, முன்னும் பின்னும் யாரும் இல்லை. நாலாவது போட்டேன். கையை எடுத்தேன். பிடி என்று சொல்லவில்லை. சொன்னால் சரி என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவாள். குச்சி நடுங்க ஆரம்பித்தது. நான் சாலையைப் பார்த்தேன். பார்க்க அங்கே ஒன்றும் இல்லை, ஆனாலும் அதையே பார்த்தேன்.

நழுவிவிட்டது. என்ஜின் கத்தியது. கார் உருண்டது. அவ்வளவுதான் என்று நினைத்து, திரும்பப் போட இடது கையைக் கொண்டுபோனேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை வந்துகொண்டிருந்தது. என் கையைத் தட்டிவிட்டது. பலமில்லை, ஒரு காகிதம் பட்டது மாதிரி. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பார்வை உனக்குத் தெரியும். ஸ்பேர் பார்ட்டா என்று கேட்கிற பார்வை. வாயில் ஒன்றும் வரவில்லை. சரியும் வரவில்லை.

நான் கிளட்சை மட்டும் மிதித்தேன். குச்சியை அவள் இழுத்தாள், அல்லது கையின் கனத்தை அதன் மேல் போட்டாள். நாலாவது பாதிதான் விழுந்தது. உள்ளே பற்கள் ஒன்றோடொன்று அரைத்துக் கத்தின. ஆயிடும் கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்.

நாங்கள் கேட்டுக்கொண்டே போனோம்.